ஒழுகும் எஞ்சின்: கோவையில் லேத், யாழ்ப்பாணத்தில் ஒயில்

1489 சி.சி. அம்பாசடர் எஞ்சினுக்குப் பின்பக்கம் ஆயில் சீலே கிடையாது. கிராங்க் ஷாஃப்ட்டின் கடைசியில் திருகுமரை மாதிரி வெட்டியிருப்பார்கள். எஞ்சின் சுற்றும்போது, வெளியே வரப்பார்க்கும் ஆயிலை அது உள்ளே தள்ளிவிடும். எஞ்சின் நின்றால் தள்ளுவதும் நின்றுபோகும், கொஞ்சம் கசியும். வடிவமைத்தவர்களுக்கே இது தெரியும். அதனால்தான் கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் ஓர் ஓட்டை வைத்து, அது சேறு அடைத்துக்கொள்ளாமல் இருக்க, ஆடிக்கொண்டேயிருக்கும் ஒரு காட்டர் பின்னையும் செருகிவிட்டார்கள்.

இதே பி.எம்.சி. பி-சீரிஸ் எஞ்சின்தான் ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் ஏ-55 காரிலும். அந்தக் காரை யாழ்ப்பாணத்தில் இன்றும் தெருவில் பார்க்கலாம். ஒழுகல் இரண்டு ஊருக்கும் பொது. அதற்கு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

"புது ஆயில் ஊற்றினேன், ஒழுக ஆரம்பித்துவிட்டது" என்கிற புகாரில், ரப்பர் சீல் உள்ள மற்ற இடங்களைப் பொறுத்தவரை, பாதி உண்மை உண்டு. பழைய மினரல் ஆயிலில் அரோமேட்டிக் சேர்மங்கள் அதிகம். அவை நைட்ரைல் ரப்பருக்குள் ஊறி அதைச் சற்றே உப்ப வைத்திருக்கும். ஹைட்ரஜன் கொண்டு சுத்திகரித்த இன்றைய ஆயிலில் அவை மிகக் குறைவு. முழு சிந்தெட்டிக்கில் அறவே இல்லை என்றே சொல்லலாம். ஈடுகட்ட எஸ்டர் போன்றவற்றைக் கலந்துதான் விற்கிறார்கள், அதனால் புது சீலுக்கு ஒன்றும் ஆகாது. முப்பது வருடம் சூட்டில் வெந்து விறைத்த சீலுக்குத்தான் ஆபத்து. அதைச் சுற்றி உறைந்திருந்த கசடுதான் அடைப்பாக வேலை செய்துகொண்டிருந்தது. புது ஆயிலின் டிடர்ஜென்ட் அதைக் கழுவிவிடுகிறது. பழி ஆயில் மேல் விழுகிறது.

கோவைக்காரரின் கை முதலில் போவது லேத்துக்கு. 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்ததிலிருந்து மில்லுக்கு உதிரிபாகம் வேண்டியிருந்தது. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் மோட்டாரும் பம்பும் பெருகின. இன்று பீளமேட்டிலோ கணபதியிலோ நாலு தெரு நடந்தால் கடைசல் பட்டறை ஒன்று கண்ணில் படும். "அந்த மரையைக் கடைஞ்சு எடுத்துட்டு ரப்பர் சீல் போட்டுரலாங்க" என்று சொல்ல இங்கே ஆள் உண்டு. அதற்கும் பொறுமையில்லாதவர்கள் எஞ்சினையே இறக்கிவிட்டு இசுசுவையோ மேட்டடார் டீசலையோ ஏற்றிவிடுவார்கள்.

யாழ்ப்பாணத்தில் அந்த வசதி இருக்கவில்லை. போரின்போது 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் எரிபொருளும் பேட்டரியும் உதிரிப்பாகமும் வடக்குக்குப் போவது நின்றது. துளி பெட்ரோலைக் காட்டி ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் காரை ஓட்டினார்கள். எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங் வழியே இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்துவிடும். சீலை மாற்ற வழியில்லாத இடத்தில் ஒயிலின் தடிப்பைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு பாதை திறந்தது, சாமானும் வந்தது. ஆனாலும் பழைய காருக்கு மெல்லிய ஒயிலை ஊற்றத் தயங்கும் குணம் அங்கே தங்கிவிட்டது. 2020 முதல் 2025 வரை நீடித்த வாகன இறக்குமதித் தடை, பழசை விடாமல் வைத்திருக்க இன்னொரு காரணம் கொடுத்தது.

பின்பக்க ஒழுகலைப் பொறுத்தவரை என் ஓட்டு யாழ்ப்பாணத்துக்கு. மூன்றே பேரிங்கில் நிற்கும் கிராங்க் அது. பேரிங் தேய்ந்தால் ஷாஃப்ட் லேசாக ஆடும், ஆசையாகப் போட்ட ரப்பர் சீலின் உதட்டைத் தின்றுவிடும். லேத் கூலி தண்டம். தடித்த 20டபிள்யூ-50 ஊற்றி, அளவு பார்த்து, சொட்டுவதைச் சொட்ட விடலாம். மெல்லிய 5டபிள்யூ-30 அந்த மரையைச் சுற்றியுள்ள இடைவெளிக்கு ஏற்றதல்ல.

முன்பக்க டைமிங் கவரிலும் கியர்பாக்ஸிலும் கதை வேறு. அங்கே நிஜமான ரப்பர் சீல் இருக்கிறது. நகத்தால் அழுத்தினால் குழி விழுந்து மீள வேண்டும். குழியே விழாவிட்டால் எவ்வளவு கெட்டியான ஒயில் ஊற்றியும் பயனில்லை. ஒழுகலை நிறுத்தும் என்று விற்கும் குப்பி மருந்து ரப்பரை உப்ப வைக்கும், கொஞ்ச நாளில் அதைக் கொழகொழப்பாக்கியும் விடும். கழற்றிப் புது நைட்ரைல் சீல் போடும் கோவை வழிதான் சரி. ரப்பர் விளையும் இலங்கையிலும் இதற்கு நைட்ரைல்தான் வேண்டும். இயற்கை ரப்பர் மினரல் ஆயிலில் ஊதிப்போகும். பிரேக் கப்புகளுக்கு இது நேர்மாறு, அங்கே நைட்ரைல் ஆகாது. பிரேக் ஃப்ளூயிட் இருக்க வேண்டிய டப்பாவில் ஒரு மூடி எஞ்சின் ஆயில் விழுந்தாலும் கப்புகள் வீங்கிச் சக்கரம் பிடித்துக்கொள்ளும். இதில் ஊர் வித்தியாசம் கிடையாது.

கொங்கு நாட்டு அம்பாசடருக்கு இப்போது புதுக் கவலை பெட்ரோல் பக்கத்திலிருந்து. இந்தியப் பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. காரின் எரிபொருள் பம்பின் டயாஃப்ரமும் ரப்பர் ஹோஸும் அதற்குச் செய்தவை அல்ல. இதை லேத்தால் தீர்க்க முடியாது. எத்தனால் தாங்கும் ரப்பரில் டயாஃப்ரம் தேடி வாங்க வேண்டும், அல்லது அச்சு கொடுத்து வார்த்து வாங்க வேண்டும்.