தெய்வம் உண்டா என்று கேட்ட தெய்வம்

சிலப்பதிகாரத்தைக் கற்புக்குப் பரிசாகத் தெய்வப் பதவி கிடைத்த கதையாகவே வாசித்துப் பழகிவிட்டோம். எனக்கு அது போதவில்லை. பிரிந்த கணவன் திரும்பிவரக் காமவேளை வணங்கச் சொல்கிறாள் தேவந்தி, கண்ணகி மறுக்கிறாள். கடவுளோடு பேரம் பேசாதவள் அவள்.

துன்பமாலையில், கோவலன் கள்வனல்லன் என்று கதிரவனே பதில் சொல்லிவிடுகிறான். ஆனா பாருங்க, அடுத்து வரும் ஊர்சூழ்வரியில் இந்த ஊரில் தெய்வம் இருக்கிறதா என்று கேட்கிறாள். தெய்வத்தின் குரல் கேட்டாச்சு. போன உயிர் வரலை, நீதியும் வரலை. அதனால் அவளுக்கு அந்தப் பதில் பதிலாகவே படவில்லை.

எங்க காமயகவுண்டன்பட்டிப் பக்கத்திலிருந்து சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி மலை ஏறுகிறவர்கள் கும்பிடுவது இந்தக் கண்ணகியைத்தான். வருஷத்துல அந்த ஒருநாள்தான் அனுமதி. வீட்டில் ஒருத்தரைப் பறிகொடுத்தவர்கள் தங்கள் சந்தேகத்தை அவள் முன்னால் மறைக்க வேண்டியதில்லை. அவளும் கேட்டவள்தானே.