டெட்ரிஸ் விளையாட்டின் இசை: மூலமும் ஆக்கமும்

டெட்ரிஸ், 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பாஜித்னவ் உருவாக்கிய கணினி விளையாட்டு. அதன் முதல் வடிவத்தில் இசை இல்லை. இன்று 'டெட்ரிஸ் பாட்டு' என்று அறியப்படுவது, 1989-ல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் கேம் பாய் என்னும் கையடக்கக் கருவிக்காக வெளியிட்ட வடிவத்தில் இடம்பெற்ற இசை. இதற்குப் பொறுப்பேற்றவர் ஹிரோகாசு தனாக்கா. ஆடுபவர் தேர்ந்தெடுக்க ஏ, பி, சி என மூன்று இசைத்துண்டுகள் இதில் உண்டு.

பழைய விளையாட்டுகளின் இசை மூலங்களைத் தொகுக்கும் பட்டியல்கள் ஏ-வுக்கு நேராக 'ரஷ்ய நாட்டார் பாடல்' என்றும், சி-க்கு நேராக 'பாக்' என்றும் எழுதி முடித்துவிடுகின்றன. இரண்டும் தவறல்ல. ஆனால் இரண்டும் முழுமையானவையும் அல்ல.

ஏ: பாடலும் கவிதையும்

ஏ இசையின் மூலம் 'கொரோபெய்னிகி' என்னும் பாடல். ஊர் ஊராகப் பொருட்களைச் சுமந்து சென்று விற்பவர்கள் என்பது இச்சொல்லின் பொருள். பாடலின் சொற்கள் நிக்கொலாய் நெக்ராசொவ் 1861-ல் எழுதிய நெடுங்கவிதையிலிருந்து வந்தவை. ஆகவே சொற்களுக்கு ஆசிரியர் உண்டு. மெட்டுதான் மக்களிடையே வழங்கி வந்தது.

பாடலில் இளம் வணிகன் ஒருவன் ரை தானிய வயலில் காத்யா என்ற பெண்ணிடம் கொஞ்சிப் பேரம் பேசுகிறான். நெடுங்கவிதையோ பணத்துக்காகக் காட்டுக்காவலன் ஒருவன் வணிகர் இருவரையும் கொல்வதில் சென்று முடிகிறது. மக்கள் காதல் பகுதியை மட்டும் எடுத்துப் பாடினர். விளையாட்டு சொற்களையும் விட்டுவிட்டு மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஏதோ ஒன்று உதிர்ந்திருக்கிறது. 'நாட்டார் பாடல்' என்ற ஒற்றைச் சொல் இந்த வரலாற்றை மறைத்துவிடுகிறது.

சி: பாக்கும் ஒலிச்சில்லும்

சி இசை, யோகான் செபாஸ்டியன் பாக்கின் மூன்றாம் பிரெஞ்சு சூட்டில் (பாக் படைப்புப் பட்டியல் எண் 814) உள்ள மினுவெட் நடனம். கேம் பாயின் ஒலிச்சில்லில் நான்கு ஒலித்தடங்களே உண்டு: இரண்டு சதுர அலைகள், ஒரு தனி அலை, ஒரு இரைச்சல். பெரும் வாத்தியக்குழுவுக்கான படைப்பு இதில் சுருங்கிப்போகும். இந்த மினுவெட் ஒரே விசைப்பலகைக்காக எழுதப்பட்டது; மேலும் கீழுமாக இரு குரல்கள் ஒன்றையொன்று தொடர்ந்து செல்வது. அந்த அமைப்பு சில்லில் ஏறக்குறைய சிதையாமல் நிற்கிறது. தனாக்காவின் பங்களிப்பு இந்தத் தேர்விலேயே தொடங்குகிறது. பட்டியலில் பாக் பெயர் மட்டும் இருந்தால் இது தெரியவராது.

பி இசை தனாக்கா தாமே அமைத்தது. மூலம் தேடுபவர்களுக்கு இதில் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை என்பதால் இது குறைவாகவே பேசப்படுகிறது. கடன் வாங்கியதைத் தேடிச் செல்லும் ஆய்வு, சொந்த ஆக்கத்தைக் கவனியாமல் போவதற்கு இது எடுத்துக்காட்டு.

மூலமே ஐயத்துக்குரியதாக இருந்தால்

கொனாமி நிறுவனத்தின் கைரஸ் (1983) விளையாட்டில் ஒலிப்பது டி மைனர் டொக்காட்டாவும் ஃபியூக்கும் (எண் 565). இதையும் பட்டியல்கள் 'பாக்' என்றே குறிக்கின்றன. ஆனால் பாக்கின் கையெழுத்தில் இதன் பிரதி கிடைக்கவில்லை. இது அவருடையதுதானா என்று பீட்டர் வில்லியம்ஸ் 1981-ல் கேள்வி எழுப்பினார். விவாதம் இன்றும் தொடர்கிறது. விளையாட்டிலிருந்து பின்னோக்கிச் செல்பவர் ஒரு பெயரில் நின்றுவிட முடியாது.

மதிப்பீடு

இது வெறும் தகவல் துல்லியம் பற்றிய கேள்வி அல்ல. 'பழைய நாட்டார் பாடல்தானே' என்று கேம் பாய் ஒலிப்பதிவைத் தம் காணொளியில் சேர்க்கும் மாணவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெட்டு பொதுவுடைமை, 1989-ல் உருவான இசைக்கோர்ப்பு அப்படி அல்ல. அதற்குத் தனி உரிமை உண்டு.

எனவே மூலக் குறிப்பு ஒன்று சொற்களின் ஆசிரியர், மெட்டின் தோற்றம், கோர்த்தவர், ஒலித்த கருவி ஆகிய நான்கையும் தனித்தனியே சொல்ல வேண்டும். தோற்றம் தெரியாத இடத்தில் தெரியவில்லை என்றே எழுத வேண்டும். அப்போதுதான் நெக்ராசொவுக்கும் தனாக்காவுக்கும் உரிய இடம் கிடைக்கும்.