நிறத்தை நம்பாத கண்

கரும்புத் தோகையில் கட்டிவிடும் ஒட்டுண்ணி அட்டையைப் பார்த்தவர்களுக்கு டிரைக்கோகிரம்மா புதிய பெயரல்ல. அட்டையில் ஒட்டியிருக்கும் அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகள் கறுத்துப்போயிருந்தால் உள்ளே குளவி வளர்கிறது என்று பொருள். வெளியே வரும் குளவி அரை மில்லிமீட்டர் நீளம்தான். பயிரைத் துளைக்கும் புழு பிறப்பதற்கு முன்பே, அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதை முடித்துவிடும். 1833-இல் வெஸ்ட்வுட் நிறுவிய இந்தப் பேரினத்தில் இன்று இருநூறுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. அவற்றைப் பிரித்தறிவதை வெறும் பதிவேட்டு வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. என் பார்வையில் அது தேர்ந்த ரசனை தேவைப்படும் கலை. கண்ணுக்கு முதலில் படுவதை ஒதுக்கி, மாறாததைத் தேடிப் பிடிப்பதே அந்தக் கலையின் சாரம்.

பேரினத்தை அடையாளம் காண்பது எளிது. பாதத்தில் மூன்றே கணுக்கள் இருப்பது குடும்பத்தைச் சொல்லிவிடும். முன் சிறகைப் பார்த்தால், நரம்பு மென்மையாக இருமுறை வளைந்து ஓடும். அதன் பரப்பில் நுண்மயிர்கள் கோடு போட்டதுபோல் வரிசை வரிசையாக நிற்கும். விளிம்பில் மயிர்கள் குஞ்சம் கட்டியிருக்கும். ஆணின் உணர்கொம்பில் நெடிய மயிர்கள். பெண்ணுடையதில் நுனி தடித்த குமிழ். இதற்குப் பிறகுதான் சிக்கல். ஒரே சிற்றினம் குளிரில் வளர்ந்தால் கருமையாகவும், வெப்பத்தில் வளர்ந்தால் வெளிறியும் பிறக்கும். உள்ளே வளர்ந்த முட்டை பெரிதானால் குளவியும் பெரிதாகும். டிரைக்கோகிரம்மா செம்பிளிடிஸ் இன்னும் விசித்திரமானது: அந்துப்பூச்சி முட்டையில் வளர்ந்த ஆணுக்குச் சிறகு உண்டு, ஆல்டர் ஈயின் முட்டையில் வளர்ந்த ஆணுக்குச் சிறகே இராது, உணர்கொம்பும் பெண்ணுடையதைப் போலிருக்கும். நிறமும் அளவும் பார்த்துப் பெயர் வைத்த காலத்தில் குழப்பம் மலிந்ததில் வியப்பில்லை.

இந்தக் குழப்பத்தைத் தெளிவித்தவர்களில் முதன்மையானவர்கள் பெங்களூரில் பணியாற்றிய சுதா நாகர்கட்டியும் எச். நாகராஜாவும். ஆணின் பிறப்புறுப்பே நம்பகமான அடையாளம் என்று 1968 முதல் 1971 வரையிலான தம் ஆய்வுகளில் நிறுவினார்கள். குளவியைக் காரக் கரைசலில் இட்டுத் தெளியவைத்து, கண்ணாடித் தகட்டில் பதித்து நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும். முதுகுப்பக்கத் தகட்டின் வடிவம், பக்க மடல்கள், இடுக்கி போன்ற முனைகள் எவ்வளவு தூரம் நீள்கின்றன என்பது, வயிற்றுப்பக்கத்து நடு முனை: இவை ஒன்றுக்கொன்று எந்த அளவில் அமைந்திருக்கின்றன என்பதில்தான் விடை இருக்கிறது. டிரைக்கோகிரம்மா கைலோனிஸில் அந்தத் தகடு முக்கோணமாக, எடுப்பான பக்க மடல்களோடு இருக்கும். பாடகரின் குரலை விட்டுவிட்டு ஒரு பிடியைக் கேட்டு ராகம் சொல்லும் ரசிகரின் பயிற்சி இதுவே.

பெயரில் என்ன இருக்கிறது, பூச்சி ஒழிந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. கரும்பின் இடைக்கணுப் புழுவுக்குக் கைலோனிஸ், நெல் தண்டுத் துளைப்பானுக்கு ஜப்பானிகம் என்றே பரிந்துரைக்கப்படுகிறது. பெயர் பிசகினால் வயலில் விடும் குளவியும் பிசகும். ஆண் உறுப்பை நம்பும் முறை, ஆணே இல்லாத கூட்டங்களில் என்ன செய்யும் என்பது வலுவான கேள்வி. வோல்பாக்கியா என்ற பாக்டீரியா தொற்றிய சில கூட்டங்களில் பெண்கள் மட்டுமே பிறக்கின்றன. ஆனால் நுண்ணுயிர்க்கொல்லியோ மிகுந்த வெப்பமோ கொடுத்தால் ஆண்கள் மீண்டும் பிறப்பதை ஆய்வாளர் ஸ்டவுத்தமரும் சகாக்களும் 1990-இல் காட்டினார்கள். அதிலும் தோற்கும் இடங்களில் மரபணு கைகொடுக்கிறது. பெண் குளவி ஒன்றே போதும். அப்படியானால் உடற்கூறு இனி எதற்கு? மரபணு வரிசை தானாகப் பெயர் சொல்லாது. பெயர் தெரிந்த மாதிரியோடு ஒப்பிட்டால்தான் அது பேசும். அந்த மாதிரிக்குப் பெயர் வழங்கியது நுண்ணோக்கியின் முன் அமர்ந்த கண்.

ஆகவே மரபணுச் சோதனையை உடற்கூறின் மாற்றாகக் கொள்ளாமல் துணையாகக் கொள்வதே சரி. ஆய்வகங்களில் பழைய கண்ணாடித் தகடுகளைப் பழுதில்லாமல் காப்பதும், அவற்றைப் படிக்கத் தெரிந்த இளைஞர்களை உருவாக்குவதும், புதிய கருவி வாங்குவதற்கு நிகரான முதலீடுதான்.