ஹார்ட்டின் பட்டியலும் நமது தராசும்

மீலாத் மேடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: "உலகத்தின் மாமனிதர்களில் முதலாமவர் எங்கள் நபிதான் என்று மைக்கல் ஹார்ட் என்ற வெள்ளைக்காரரே எழுதிட்டார்." 1978இல் அமெரிக்காவில் வெளிவந்த அந்த நூலில் நபி (ஸல்) அவர்களுக்கு முதலிடம், நியூட்டனுக்கு இரண்டாமிடம், ஈஸா (அலை) அவர்களுக்கு மூன்றாமிடம். இதுவெல்லாம் சரிதான். ஆனால் ஹார்ட் மாமனிதர்களை வரிசைப்படுத்தவில்லை. வரலாற்றில் ஆகக்கூடிய செல்வாக்குச் செலுத்தியவர் யார் என்பதே அவருடைய கேள்வி. மேன்மையை அளக்கவில்லை என்று அவரே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் ஹிட்லரும் ஸ்டாலினும், 1258இல் பக்தாதை அழித்த ஹுலாகுவின் பாட்டன் செங்கிஸ்கானும் அதே பட்டியலில் இருக்கிறார்கள். அதை நாம் மேடையில் சொல்வதில்லை.

செல்வாக்கு வேறு, மேன்மை வேறு. இதைப் பிரித்தறிய நம் முன்னோரிடம் ஒரு தராசு இருந்தது. ஹதீஸ் அறிவிப்பாளரை ஆராய்ந்த அறிஞர்கள் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்டார்கள்: ஆள் நேர்மையானவரா? கேட்டதைப் பிசகாமல் காப்பவரா? ஒன்று மற்றதற்கு ஈடாகாது. வணக்கசாலியாக இருந்தும் நினைவு பிசகியவரைப் பலவீனர் என்றே எழுதினார்கள். முதுமையில் நினைவு தடுமாறியவரென்றால், தடுமாறுமுன் சொன்னதையும் பின் சொன்னதையும் பிரித்தார்கள். அலீ இப்னுல் மதீனீ தம் சொந்தத் தந்தையையே பலவீனர் என்றார்.

நமது நினைவு மலர்களை இந்தத் தராசில் வைத்துப் பாருங்கள். வகித்த பதவிகள், பெற்ற பட்டங்கள், கூடவே "ஈடு செய்ய முடியாத இழப்பு". பெரிய மனிசன் என்பது தெரிகிறது. எந்தக் குணத்தால் பெரியவர், அதற்குச் சான்று என்ன என்பது தெரிவதில்லை.

சித்தி லெப்பையையே எடுப்போம். 1882இல் முஸ்லிம் நேசன், 1885இல் அசன்பே சரித்திரம், 1892இல் மருதானைப் பாடசாலை என்று மாணவர் ஒப்புவிப்பார்கள். இவை ஆண்டுகள்; குணங்கள் அல்ல. ஆங்கிலப் படிப்பு மார்க்கத்தைக் கெடுக்கும் என்று சமூகம் அஞ்சிய காலத்தில், பத்திரிகைக்கும் அந்தப் பாடசாலைக்கும் இடையில் பத்து வருடம் ஓடியிருக்கிறது. அவ்வளவு காலம் சளைக்காமல் நின்றாரே, அது ஒரு குணம். நாடுகடத்தப்பட்டு 1883இல் இங்கு வந்த ஒறாபி பாஷாவையும் வாப்பிச்சி மரிக்காரையும் சேர்த்துக்கொண்டாரே, அது இன்னொரு குணம். ஆய்வாளர் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

நபியவர்களின் மேன்மைக்கு ஹார்ட்டின் சான்றிதழ் எதற்கு? ஹிஜ்ரத் இரவில், கொல்லத் துடித்த ஊராரின் அமானிதங்களைத் திருப்பிக் கொடுக்க அலீ (ரழி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள். கொல்ல நினைத்த ஊரே பொருளை அவர்களிடம்தான் நம்பி வைத்திருந்தது. செல்வாக்கை அளக்கும் பட்டியல் எதிலும் இதற்கு இடமில்லை. பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.