புரியாத மொழியின் சொகுசு

மாட்ரிட் போவதற்கு முன்பே பென் லெர்னரின் ‘லீவிங் தி அடோச்சா ஸ்டேஷன்’ நாவலைப் படித்துவிட்டேன். படித்திருக்கக் கூடாது. 2011-இல் வந்த நாவல் அது. உதவித்தொகையில் மாட்ரிட் வந்த ஆடம் கோர்டன் என்ற அமெரிக்க இளங்கவிஞன், ஸ்பானிய உள்நாட்டுப் போரைப் பற்றி ஒரு நீள்கவிதை எழுத வேண்டும். எழுதவில்லை. தினமும் காலையில் பிராடோ அருங்காட்சியகத்தில் ஒரே ஓவியத்தின் முன்னால் போய் நிற்கிறான். கஞ்சா புகைக்கிறான், மாத்திரை போடுகிறான், பொய் சொல்கிறான். பினாங்கில் ஃபேன் காற்றில் படுத்துக்கொண்டு இதைப் படித்த எனக்கு, வெளிநாட்டில் படிப்பது என்றால் இதுதான் என்று பட்டுவிட்டது. அடுத்த செப்டம்பரில் ஓராண்டுப் படிப்புக்கு நானும் அங்கே இறங்கினேன்.

நாவலின் பலம் அதன் தொடக்கப் பக்கங்கள். மொழி தெரியாத ஊரில் முதல் நாட்கள் எப்படி இருக்கும் என்பதை இவ்வளவு துல்லியமாக நான் வேறெங்கும் படித்ததில்லை. ஒருத்தி பேசுகிறாள். ஆடமுக்குப் பாதிதான் பிடிபடுகிறது. அந்தப் பாதியிலிருந்து அவன் மூன்று நான்கு கதைகளை ஒரே சமயத்தில் கட்டிக்கொள்கிறான். அவள் சொன்னது இதுவாக இருக்கலாம், அல்லது அதுவாக. பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பதுபோல அவனுக்கு எல்லா அர்த்தமும் ஒன்றாகக் கேட்கிறது. லெர்னர் கவிஞர் என்பது இங்கேதான் தெரிகிறது. இன்னொரு பக்கம், இவன் பேச வராமல் மௌனமாக இருப்பதை மற்றவர்கள் ஆழம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஓர் இரவு இசபெல் எதையோ சொல்லி அழும்போது, விஷயம் புரியாமல் இவன் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறான். அடி விழுகிறது. அந்த அவமானத்திலிருந்து தப்பிக்க, தன் அம்மா இறந்துவிட்டதாக அவளிடம் சொல்கிறான். அமெரிக்காவில் அம்மா நன்றாக இருக்கிறார்.

நானும் பொய் சொன்னேன், ஆனால் அம்மாவிடம். “என்னடா, பாஷை வருதா?” என்று முதல் வாரம் போனில் கேட்டார். “ஆங், பேசுறேன்மா.” உண்மையில் எனக்கு வந்தது ஒரே ஒரு சொல். ஸ்பானியத்தில் ‘ஆமாம்’ என்பதற்கு ‘சீ’. தமிழ்க் காதில் அது எப்படி விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கார அம்மா சமையலறையில் நின்று பத்து நிமிடம் ஏதோ விளக்கினார். நான் சீ, சீ என்று தலையாட்டினேன். ஆடமைப்போல எனக்கும் நாலு அர்த்தம் தோன்றியது: அடுப்பைத் துடைத்து வைக்கச் சொல்கிறார், அல்லது இறந்துபோன கணவரைப் பற்றிச் சொல்கிறார்... நவம்பர் முடிவில் கேஸ் பில் வந்தபோது ஐந்தாவது அர்த்தம் தெரிந்தது. குளிர்கால ஹீட்டர் செலவு வாடகையில் சேராது. இரண்டு வாரச் சாப்பாட்டுக் காசு போய்விட்டது.

இந்த இடத்தில்தான் எனக்கும் லெர்னருக்கும் சண்டை. புரியாமை அவருக்குக் கவிதை. ஆனால் அந்தக் கவிதைக்கான செலவை யாரோ கட்டியிருக்கிறார்கள்: உதவித்தொகை, அமெரிக்கக் கடவுச்சீட்டு. எங்களைப் போன்ற ஓராண்டு மாணவர்கள், நாட்டுக்குள் நுழைந்த ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் படிவத்தில் ஒரு கட்டத்தில்தான் குறி போட முடியும். ‘இதுவாக இருக்கலாம், அல்லது அதுவாக’ என்பதெல்லாம் அங்கே நடக்காது.

இன்னொன்றும் உறுத்துகிறது. பாதி புரிவது எனக்கு மாட்ரிட்டில் ஆரம்பித்த அனுபவமே அல்ல. பினாங்குச் சந்தையில் ஹொக்கியன் எனக்கு எப்போதும் பாதிதான் புரியும். மீன்காரர் பக்கத்துக் கடைக்காரரிடம் என்னைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறார் என்பது வரைக்கும் தெரியும். நாங்கள் யாரும் அதைப் பெரிய மனநிலை என்று நினைத்ததில்லை. அது அன்றாடம். ஒரே மொழியில் வளர்ந்தவனுக்குத்தான் அது தரிசனமாகத் தெரிகிறது போல.

ஆடம் பார்க்கும் ஓவியத்தை நானும் போய்ப் பார்த்தேன். ரோஜியர் வான் டெர் வைடனின் ‘சிலுவையிலிருந்து இறக்குதல்’. வார நாட்களில் மாலை 6 மணி முதல் 8 வரை பிராடோவில் கட்டணம் இல்லை, ஆகவே கூட்டம். இறந்த மகனின் உடல் வளைந்திருக்கும் அதே வளைவில் மரியாள் மயங்கிச் சரிகிறாள். கன்னங்களில் கண்ணீர்த் துளிகளைத் தனித்தனியாகத் தீட்டியிருக்கிறார். நாவலில் ஓர் அந்நியன் இதன் முன்னால் தேம்பி அழுவான். ஆடம் அவனைப் பொறாமையோடு பின்தொடர்வான், ஏனென்றால் கலை இவனை ஒருநாளும் அப்படி உலுக்கியதில்லை. நான் ஓவியத்தை விட்டுவிட்டு, யாராவது அழுகிறார்களா என்று கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாவல் செய்த வேலை.

2004 மார்ச் 11 காலையில் அடோச்சாவை நோக்கி வந்த நான்கு புறநகர் ரயில்களில் குண்டுகள் வெடித்தன. 190-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேலைக்குப் போனவர்கள், மாணவர்கள். ருமேனியாவிலிருந்தும் எக்குவடோரிலிருந்தும் பிழைக்க வந்தவர்களும் அதில் இருந்தார்கள். நாவலில் ஆடம் அறைக்குத் திரும்பி, தலைக்குமேல் ஹெலிகாப்டர் சத்தம் கேட்க, அந்தச் செய்தியை அமெரிக்க நாளிதழின் இணையப் பக்கத்தில் படிக்கிறான். அபாரமான இடம். தன் நாயகனை லெர்னர் கேலி செய்கிறார் என்பது இங்கே சந்தேகமே இல்லாமல் தெரிகிறது. ஆனால் அந்த ரயிலில் இருந்தவர்களில் சிலரும் ஒரு காலத்தில் மொழி தெரியாமல் இதே ஊரில் வந்து இறங்கியவர்கள்தான் என்பதை நோக்கி நாவலின் பார்வை திரும்புவதில்லை. நாயகனைக் கேலி செய்துகொண்டே அவன் மூட்டத்தின் மேல் உரைநடை காதலில் விழுந்துவிட்டது.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்தப் புத்தகத்தை என் அலமாரியிலிருந்து எடுக்க மாட்டேன். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் தம்பி தங்கைகள் யாராவது கேட்டால் கொடுப்பேன். முதல் பாதியை விமானத்தில் படியுங்கள். மீதியை முதல் கேஸ் பில் வந்த பிறகு.