புகழின் வீட்டில் ஒரு சிறுமி

பதின்பருவத்தை எட்டும் சிறுவர் சிறுமியருக்கென எழுதப்படும் இலகுவான நாவல்களைத் திறனாய்வாளர் பலர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகின்றனர். ஆங்கில எழுத்தாளர் ஜாக்குலின் வில்சன் 2010-இல் வெளியிட்ட 'லிட்டில் டார்லிங்ஸ்' அப்படி ஒதுக்கத்தக்கதன்று.

ஒரே தந்தைக்குப் பிறந்த இரு சிறுமியர் மாறிமாறித் தம் கதையைச் சொல்கின்றனர். டேனி கில்மன் என்னும் ராக் இசைப் பாடகனின் மூத்த மகள் சன்செட், மாளிகையில் வளர்பவள். டெஸ்டினியோ, அதே பாடகனின் முன்னாள் இரசிகைக்குப் பிறந்து, அரசுக் குடியிருப்பில் தாயின் உழைப்பை நம்பி வாழ்பவள். திரைப்பட முதற்காட்சி ஒன்றின் வாயிலில், இரசிகர் கூட்டத்திற்கிடையே இருவரும் சந்திக்கின்றனர். இத்தகைய தற்செயல்களை இலகு நாவலுக்கு நாம் மன்னித்தே ஆகவேண்டும்.

நூலின் உயிர் சன்செட்டின் பகுதிகளில் இருக்கிறது. நிழற்படக்காரர் முன் நிற்கையில் அவள் பிரபலத்தின் மகள். வீட்டிற்குள் வந்ததும் எவர் கண்ணிலும் படாதவள். அழகிய தங்கைக்குக் கிடைக்கும் கொஞ்சல் அவளுக்கு இல்லை. பெற்றோர் தத்தம் தோற்றத்திலும் பூசலிலும் மூழ்கியிருக்க, தங்கைக்கும் தம்பிக்கும் தாயாக இருப்பவள் அவளே. ஆறுதல் தேடி அவள் ஒதுங்குவது அலமாரிக்குள் பொம்மைகளைக் கொண்டு தானே அமைத்த சிறு நகரத்திற்கு. அத்துணை பெரிய மாளிகையில் அவளுக்கென்று கிடைத்தது ஓர் அலமாரி! ஆசிரியர் இதை விளக்கிப் பேசாமல் காட்டிவிட்டு நகர்கிறார்.

இவ்வுண்மை கற்பனைக்கு மட்டும் உரியதன்று. 'வின்னி-த-பூ' கதைகளை 1926-இல் நூலாக்கிய ஏ. ஏ. மில்ன், தம் மகன் கிறிஸ்டோபர் ராபினின் பெயரையே கதைச் சிறுவனுக்குச் சூட்டினார். பள்ளியில் அப்பெயரே மகனுக்கு முள்ளாயிற்று. தந்தையின் புகழோடு தாம் பட்ட பாட்டை 1974-இல் வெளிவந்த தம் நினைவு நூலில் அவர் எழுதினார். டார்ட்மத் என்னும் சிற்றூரில் புத்தகக் கடை நடத்தியே வாழ்ந்தார். விவிலியமும் இவ்விடத்தில் மௌனமாக இல்லை. சாமுவேல் முதல் நூலின் 8-ஆம் அதிகாரத்தில் வரும் யோவேலும் அபியாவும் இறைவாக்கினரின் புதல்வர். தந்தையின் பெயர் அவர்களுக்குப் பதவியைத் தந்தது, அவரது நேர்மையைத் தரவில்லை.

வில்சன் சறுக்குவது டெஸ்டினியிடத்தில். அவளுக்குத் தந்தையின் குரல்வளம் வாய்த்திருக்கிறது. கதையின் பிற்பகுதி அவளை மேடையை நோக்கி நகர்த்துகிறது. புகழ் ஒரு குடும்பத்தை எப்படி அரித்தது என்று இத்தனை பக்கங்கள் காட்டிய கை, கைதட்டலையே அடுத்த சிறுமிக்குப் பரிசாக நீட்டலாமா? இளம் வாசகி எதை நம்புவாள்? அலமாரியையா, மேடையையா? இக்கேள்வி ஆசிரியருக்குத் தோன்றியதாகவே தெரியவில்லை.

டெஸ்டினியின் தாய் கேட் இதைவிட ஆழமான பாத்திரம். என்றோ சில நாள் கிட்டிய நெருக்கத்தை நெஞ்சில் பூசித்து, அவனைக் காண மகளையும் அழைத்துச் சென்று கூட்டத்தில் நிற்கும் அவளை ஆசிரியர் ஏளனம் செய்யவில்லை. அவளது வழிபாடு எத்தகையது என்று மட்டும் மகளின் கண்வழியே நாம் பார்க்கிறோம். நாவலில் மிகக் கூர்மையான பார்வை அதுவே. அதை இன்னும் சில அத்தியாயங்கள் வளர்த்திருக்கலாம்.