குரோம் பம்பருக்குத் திரும்பும் எம்ஜிபி

பிரிட்டனின் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் 1962-இல் மெல்லிய குரோம் பம்பருடன் வந்தது. அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காக 1974-இன் பிற்பகுதியில் அதில் கனத்த கறுப்பு ரப்பர் பம்பர் ஏறியது; விதி கேட்ட உயரத்துக்காகக் காரையே ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் தூக்கினார்கள். வளைவுகளில் வண்டி கூடுதலாகச் சாய்ந்தது. ஆகவே பிற்கால வண்டிக்குக் குரோம் பம்பர் மாட்டி, சஸ்பென்ஷனையும் தாழ்த்துவது வெறும் வேடமல்ல, விதி கெடுத்ததைச் சரிசெய்வது. பம்பரை மட்டும் மாற்றிவிட்டு உயரத்தை அப்படியே விடுபவர்களுக்கு இந்த வாதம் உதவாது.

ரப்பர் பம்பரும் வரலாறுதானே என்பார்கள். உண்மைதான், ஆனால் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான காரில் சில உருமாறுவதால் வரலாறு அழிந்துவிடாது. பழைய மாடல் என்று விற்று ஏமாற்றலாமே என்றால், சேஸிஸ் எண் காட்டிக்கொடுத்துவிடும். இந்த மாற்றத்துக்கு உடல் தகட்டை வெட்ட வேண்டியிருப்பதால், துருப்பிடித்து எப்படியும் தகடு வேலை தேவைப்படும் வண்டியில் தாராளமாகச் செய்யலாம். பழுதில்லாத 1980-ஆம் ஆண்டுக் கடைசி வண்டியில் ரம்பம் வைப்பதை மட்டும் ரசிக்க முடியவில்லை.